ரீஃப் டேங்கில் கெமிக்கல் மீடியா: கார்பன், ஜிஎஃப்ஓ, ரெசின் – முழுமையான வழிகாட்டி

ரீஃப் டேங்கில், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், கெமிக்கல் மீடியா (நீரிலிருந்து வேண்டாததைப் பிடித்தெடுக்கும் கார்பன், ஜிஎஃப்ஓ என்ற இரும்பு ஆக்சைடுத் துகள், ரெசின் போன்றவை) போட்ட பிறகு பவளம் செத்தால், அளவு குறைந்துபோனது அநேகமாகக் காரணமாக இருக்காது. ஒரேயடியாக அள்ளிப் போட்டதுதான் காரணமாக இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் அளவு, பாஸ்பேட் எகிறிப்போன டேங்கைச் சீக்கிரம் இறக்குவதற்கு ஏற்றது. ஏற்கெனவே 0.10 பிபிஎம்மில் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அலகு) இருக்கும் டேங்கில் அதையே கொட்டினால் இரண்டு மூன்று நாளில் எண் பூஜ்ஜியத்தை நெருங்கிவிடும். அடுத்த வாரம் அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின் நுனிகள் வெளுக்க ஆரம்பிக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் வரும் எல்லா அளவுகளும் வேண்டுமென்றே குறைத்துச் சொல்லப்பட்டவை. குறைவாகத் தொடங்கி, டெஸ்ட் கிட் காட்டும் எண்ணைப் பார்த்து ஏற்றுங்கள் அல்லது இறக்குங்கள்.

மீடியாவால் ஆகாத வேலைகள்

முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

நைட்ரேட்டைக் கடல்நீரிலிருந்து பிடித்திழுக்கும் ரெசின் வீட்டு டேங்கில் உருப்படியாக வேலை செய்யாது. நன்னீரில் செய்கிறதே என்று கேட்கலாம். கடல்நீரில் குளோரைடும் சல்ஃபேட்டும் நைட்ரேட்டைவிட நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். ரெசினில் இருக்கும் இடங்களையெல்லாம் அவையே பிடித்துக்கொள்ளும். அம்மோனியாவுக்கு ஜியோலைட் போடுவதும் இதே கதைதான். சோடியம் முந்திக்கொள்வதால் உப்புநீரில் அதன் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். நைட்ரேட்டைக் குறைக்க நீர் மாற்றம், ஸ்கிம்மர் (கழிவை நுரையாக எடுக்கும் கருவி), ரெஃபியூஜியம் (பாசி வளர்க்கும் தனி அறை), கார்பன் டோசிங் ஆகியவைதான் வழி. கார்பன் டோசிங் என்பது வோட்கா, வினிகர், பயோ பெல்லட் போட்டு பாக்டீரியாவை வளர்ப்பது. பெயரில் கார்பன் இருந்தாலும் இங்கே பேசப்போகும் கார்பனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நிரப்பும் தண்ணீரே கெட்டிருந்தால் மீடியா வீண். ஆர்ஓ/டிஐ யூனிட்டிலிருந்து (குழாய் நீரைச் சவ்வாலும் ரெசினாலும் சுத்திகரிக்கும் கருவி) வரும் நீர் டிடிஎஸ் மீட்டரில் (நீரில் கரைந்துள்ளவற்றின் அளவைக் காட்டுவது) 0 காட்ட வேண்டும். 3, 4 என்று ஏற ஆரம்பித்தால் டிஐ ரெசின் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது முதலில் நழுவி வருபவற்றில் சிலிக்கேட் ஒன்று. டேங்குக்குள் ஜிஎஃப்ஓ போட்டு அந்த சிலிக்கேட்டைத் துரத்துவதைவிட வெளியே ரெசினை மாற்றிவிடுவது மலிவு.

வாங்கும் முன் அளக்க வேண்டியவை

உண்மையான நீரின் அளவு வேண்டும். கண்ணாடித் தொட்டியின் பெயரளவுக் கொள்ளளவு உதவாது. உதாரணத்துக்கு ஒரு 90 × 45 × 45 செ.மீ. டேங்க். நீர் நிற்கும் உயரம் 40 செ.மீ. என்றால் 90 × 45 × 40 ÷ 1000 = 162 லிட்டர். சம்பில் (டேங்குக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டியில்) ஓடும்போது நிற்கும் நீர் 40 லிட்டர். கல்லும் மணலும் அடைத்துக்கொள்ளும் இடம் சுமார் 20 லிட்டர். ஆக நிகரம் 180 லிட்டர் சொச்சம். இந்த 180 லிட்டரையே கீழே எல்லாக் கணக்குக்கும் எடுத்துக்கொள்வோம்.

அடுத்து பாஸ்பேட் கிட். நிற அட்டையில் முதல் படியே 0.25 பிபிஎம் என்று இருக்கும் கிட் ரீஃபுக்கு உதவாது. நாம் விளையாடும் எல்லை 0.03-க்கும் 0.10-க்கும் நடுவில். ஹன்னாவின் கையடக்கக் கலரிமீட்டர்களில் எச்ஐ 774 நேரடியாக பாஸ்பேட்டை 0.00 முதல் 0.90 பிபிஎம் வரை காட்டும். எச்ஐ 736 பாஸ்பரஸை பிபிபி அலகில் (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும். அந்த எண்ணை 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம். அதாவது 20 பிபிபி என்று வந்தால் 0.06 பிபிஎம். இந்த மீட்டருக்கு 5 பிபிபி முன்பின் பிழை உண்டு, பாஸ்பேட்டாகச் சொன்னால் சுமார் 0.015. எனவே 0.05-லிருந்து 0.06-க்குப் போனதைப் பார்த்துப் பதறி மீடியாவை மாற்ற வேண்டியதில்லை. மூன்று அளவுகளில் ஒரே திசையில் நகர்ந்தால் மட்டும் கையை வையுங்கள். அளக்கும்போது குப்பியின் வெளிப்புறத்தைப் பஞ்சு போன்ற மெல்லிய துணியால் துடையுங்கள். ஒரு விரல்ரேகையும், உள்ளே ஒட்டியிருக்கும் ஒரு காற்றுக்குமிழும் எண்ணை இரட்டிப்பாக்கப் போதும்.

நைட்ரேட்டையும் ஆல்கலினிட்டியையும் (நீரிலுள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) அதே நாளில் குறித்துக்கொள்ளுங்கள். இவை இல்லாமல் பாஸ்பேட் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

ஆக்டிவேட்டட் கார்பன்

ஒரு கிராம் கார்பனுக்குள் நுண்துளைகளின் பரப்பு 500 முதல் 1500 சதுர மீட்டர் வரை இருக்கும். நீரில் கரைந்த கரிமப் பொருள்கள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன: நீரை மஞ்சளாக்கும் சாயங்கள், பீனால்கள், மென்பவளங்கள் ஒன்றையொன்று விரட்ட வெளியிடும் டெர்பீன் வகை நச்சுகள். சைனுலேரியா, சார்கோஃபைட்டன் போன்ற லெதர் பவளங்களையும் எஸ்பிஎஸ்ஸையும் (அக்ரோபோரா போன்ற சிறு பாலிப் கல்பவளங்கள்) ஒரே டேங்கில் வைத்திருந்தால் கார்பன் இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம். பாஸ்பேட்டை கார்பன் எடுக்காது. மோசமான கார்பன் பாஸ்பேட்டைச் சேர்க்கவும் கூடும்.

எதை வாங்குவது? தேங்காய்ச் சிரட்டைக் கார்பனில் 2 நானோமீட்டருக்கும் சிறிய துளைகள் அதிகம். குடிநீரில் குளோரின் எடுக்க அது நல்லது. ரீஃப் நீரை மஞ்சளாக்கும் மூலக்கூறுகள் பெரியவை, அந்தத் துளைகளுக்குள் அவ்வளவாக நுழையாது. லிக்னைட், பிட்டுமினஸ் நிலக்கரியில் செய்தவற்றில் அகன்ற துளைகள் கூடுதல். லிக்னைட் வேகமாக எடுக்கும், ஆனால் மென்மையானது, எளிதில் பொடியாகும். அமிலத்தில் கழுவி, 0.8 மி.மீ. தடிமனில் குச்சிபோல் அழுத்தி எடுத்த பெல்லட் கார்பன் விலை கூடினாலும் தூசி குறைவு, சாம்பல் குறைவு. சர்ஜன் மீன்கள், அதாவது டேங் வகைகள் இருந்தால் இதையே வாங்குங்கள். அவற்றின் தலையிலும் பக்கவாட்டுக் கோட்டிலும் வரும் அரிப்பைக் கார்பனோடு, அதிலும் தூசி விடும் கார்பனோடு தொடர்புபடுத்திய பரிசோதனைகள் உள்ளன.

புது கார்பனை டேங்கில் போடுமுன் ஒரு சோதனை: ஒரு மேசைக்கரண்டி கார்பனை ஒரு கோப்பை ஆர்ஓ/டிஐ நீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் அந்த நீரை வடித்து பாஸ்பேட் பாருங்கள். 0.02, 0.03 என்றால் கவலையில்லை. அரை பிபிஎம் காட்டினால் அந்தப் பையை நன்னீர்த் தொட்டிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

போடும் முறை:

1. 100 லிட்டருக்கு 25 கிராம் என்று எடைபோடுங்கள். நம் 180 லிட்டருக்கு 45 கிராம். பெல்லட் வகைக்கு இதில் பாதி போதும். பல பாக்கெட்டுகள் சொல்வது இதைப்போல் இரண்டு மடங்கு.

2. சல்லடையில் கொட்டி ஆர்ஓ/டிஐ நீரில் அலசுங்கள். கையால் பிசையக் கூடாது. பிசைந்தால் புதுத் தூசிதான் உண்டாகும். குழாய் நீரில் அலசினால் அதிலுள்ள குளோரின் கார்பனின் திறனில் கொஞ்சத்தை அங்கேயே தின்றுவிடும்.

3. சில மணி நேரம் ஊறவிடுங்கள். துளைகளில் அடைந்திருக்கும் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். ஊறாத கார்பன் மிதக்கும். மிதக்கும் கார்பன் வழியே நீர் போகாது.

4. பையிலோ ரியாக்டரிலோ (மீடியா வழியே நீரைச் செலுத்தும் குடுவை) இடுங்கள். பை என்றால் முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாமல், நீர் கட்டாயம் ஊடுருவிப் போகும் இடத்தில் தட்டையாகப் பரப்புங்கள். சம்பின் தடுப்புகளுக்கு நடுவே இறுக்கிச் செருகுவது நல்ல இடம். சம்பின் மூலையில் தொங்கும் பையைச் சுற்றிக்கொண்டு நீர் போய்விடும்.

5. பல மாதமாகக் கார்பன் காணாத டேங்க் என்றால் முதல் தடவை மேலே சொன்ன அளவிலும் மூன்றில் ஒரு பங்கு மட்டும். கூடவே விளக்கின் வலிமையை 15 முதல் 20 சதவீதம் இறக்கி, இரண்டு மூன்று வாரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

ஐந்தாவது படியைப் பலர் தவறவிடுகிறார்கள். மஞ்சள் நிறம் நீல ஒளியையும் புற ஊதாவையும் விழுங்கிக்கொண்டிருந்தது. ஒரே நாளில் அது போய்விட்டால் பவளத்தின் மேல் விழும் ஒளி திடீரென்று கூடுகிறது. விளக்கைத் தொடவே இல்லையே, ஏன் வெளுக்கிறது என்று குழம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சமீபத்தில் மாற்றிய கார்பனை.

எப்போது மாற்றுவது? நாள்காட்டியைவிடக் கண்ணை நம்பலாம். ஒரு வெள்ளை பக்கெட்டில் டேங்க் நீரும், இன்னொன்றில் புதிதாகக் கலக்கிய உப்புநீரும் ஒரே ஆழத்துக்கு ஊற்றி, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டேங்க் நீர் லேசான தேநீர் நிறத்துக்குத் திரும்பியிருந்தால் கார்பன் முடிந்தது. வழக்கமான உணவளிப்பில் மூன்று நான்கு வாரம் வரும். மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றுவதைவிட இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதி அளவை மாற்றுவது நல்லது. டேங்குக்கு ஏற்ற இறக்கம் தெரியாது.

மருந்து போடும்போது கார்பனையும் ரெசினையும் வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மருந்தை அவையே தின்றுவிடும். சிகிச்சை முடிந்ததும் இரட்டை அளவில் புதுக் கார்பனை இரண்டு மூன்று நாள் ஓட்டி எறிந்துவிடுங்கள். தட்டைப்புழு மருந்து போடும்போது இன்னும் கவனம் தேவை. செத்த புழுக்கள் விடும் நச்சுதான் மீனைக் கொல்வது. அலசிய கார்பனைத் தயாராக வைத்துக்கொண்டு மருந்து போடத் தொடங்குங்கள். கடல் அட்டை செத்துப்போனாலோ, அனிமோன் பம்ப்பில் மாட்டிக்கொண்டாலோ இதே இரட்டை அளவு, இதே வேகம்.

ரியாக்டர் அமைப்பது

கார்பனுக்குப் பை போதும். ஜிஎஃப்ஓவுக்கு ரியாக்டர்தான் சரி. பையில் அது இறுகிக் கட்டியாகி, நீர் ஒரு பக்கமாக வழி பிடித்துக்கொள்ளும்.

வேண்டியவை: மேல்நோக்கி நீர் ஓடும் ரியாக்டர், மேலும் கீழும் வைக்க இரண்டு ஸ்பாஞ்ச், மணிக்கு 400 லிட்டர் அளவிலான சிறு பம்ப், பொருந்தும் குழாய், ஒரு பால் வால்வு. வால்வை ரியாக்டருக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்து இறுக்கினால் அழுத்தம் முழுவதும் குடுவையின் ஓ-ரிங்கில் விழும். ரியாக்டரை முடிந்தவரை சம்புக்குள்ளேயே நிற்க வையுங்கள், கசிந்தாலும் நீர் சம்பிலேயே விழும். ஓ-ரிங்கில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தால்கூடக் கசியும். ஒவ்வொரு தடவையும் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் லேசாகத் தடவி மூடுங்கள்.

உறிஞ்சும் பம்ப் ஃபில்டர் சாக்குக்கும் (கசடைப் பிடிக்கும் துணிப்பை) ஸ்கிம்மருக்கும் அடுத்துள்ள அறையில் இருக்க வேண்டும். கசடு வந்தால் ஸ்பாஞ்ச் அடைபடும், ஓட்டம் நிற்கும், உள்ளே அழுகும். வெளியேறும் குழாயின் முனையைக் கையால் எடுத்து ஒரு கோப்பையில் பிடிக்க முடிகிற இடத்தில் வையுங்கள். அங்கிருந்துதான் சோதனை நீர் எடுக்கப்போகிறோம்.

கார்பன் இரண்டு ஸ்பாஞ்சுக்கும் நடுவே அசையாமல் இருக்க வேண்டும், அசைந்தால் ஒன்றோடொன்று உரசிப் பொடியாகும். ஜிஎஃப்ஓ அதற்கு நேரெதிர். மேலே மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் விட்டு, மேல்மட்டத் துகள்கள் மெல்ல நடுங்கும்படி ஓட விட வேண்டும். சர்க்கரைப் பாகு கொதிக்கத் தொடங்கும்போது விளிம்பில் தெரியும் அசைவு போதும். புரண்டு சுழன்றால் ஓட்டம் அதிகம். வழக்கமான சிறு ரியாக்டர்களில் இது மணிக்கு 100 முதல் 200 லிட்டர் ஓட்டத்தில் கிடைக்கும்.

ஜிஎஃப்ஓ

துகளாக்கிய இரும்பு ஆக்சைடு, துருவின் நெருங்கிய உறவு. அதன் பரப்பில் பாஸ்பேட் வேதிப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்ளும், எளிதில் திரும்ப வராது. சிலிக்கேட்டையும் பிடிக்கும்.

போடுவதற்கு முன் ஒரு கேள்வி: பாஸ்பேட் உண்மையிலேயே அதிகமா? 0.03 முதல் 0.10 வரை இருந்து, பவளம் நிறமாக வளர்ந்து, கண்ணாடியில் பாசி இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துடைத்தால் போதும் என்ற நிலையில் இருந்தால் ஜிஎஃப்ஓ தேவையில்லை. கல்லில் கொஞ்சம் பாசி இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது, அதற்கு நத்தைகள் இருக்கின்றன.

தேவை என்றால்:

1. தொடக்க அளவு 100 லிட்டருக்கு 15 மில்லி, ஒரு மேசைக்கரண்டி. நம் டேங்குக்கு 27 மில்லி. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். 27 மில்லியை 6 செ.மீ. விட்டமுள்ள குடுவையில் போட்டால் 1 செ.மீ. உயரம்கூட வராது. அவ்வளவு மெல்லிய படுகையை நீர் ஒரே இடத்தில் துளைத்துக்கொண்டு போய்விடும். 4 செ.மீ. விட்டமுள்ள குறுகிய ரியாக்டரில் அதே அளவு 2 செ.மீ. நிற்கும், அது தேவலை. குறுகியது இல்லையென்றால் இந்த ஆரம்பக் கட்டத்தில் மட்டும் கார்பனோடு கலந்து, அசையாமல், மெதுவான ஓட்டத்தில் வையுங்கள். கலந்து வைத்தால் இரண்டையும் ஒன்றாகத்தான் மாற்ற முடியும்.

2. சல்லடையில் தேய்த்து அலசாதீர்கள். ரியாக்டரில் போட்டு, வெளிக்குழாயை ஒரு பக்கெட்டில் விட்டு ஓட்டுங்கள். முதலில் செம்பழுப்பாக வரும். 5 முதல் 10 லிட்டர் போன பிறகு தெளியும். நீர் மாற்றும் நாளில் செய்தால், கழிக்கப்போகும் டேங்க் நீராலேயே இதை முடித்துக்கொள்ளலாம். இந்தப் படியைத் தவிர்த்தால் டேங்க் முழுக்கத் துருத்தூள் படியும். மணல்மேல் பல நாள் கிடக்கும்.

3. டேங்கோடு இணைத்து ஒரு மணி நேரம் கழித்து இரண்டு அளவுகள் எடுங்கள்: டேங்க் நீர் ஒன்று, ரியாக்டரிலிருந்து வெளிவரும் நீர் ஒன்று. டேங்க் 0.30, வெளிவருவது 0.08 என்பது போல் பெரிய இடைவெளி இருந்தால் வேலை நடக்கிறது.

4. மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அதே இரண்டு அளவுகள். இறங்கும் வேகத்துக்கு எல்லை வையுங்கள்: 0.10-க்கு மேல் இருக்கும்போது வாரத்துக்கு 0.05, அதற்குக் கீழே வாரத்துக்கு 0.02. இதைவிட வேகமாக இறங்கினால் வால்வைச் சுருக்காதீர்கள், ஓட்டம் போதாமல் படுகை இறுகும். பம்ப்பை டைமரில் போடுவதும் வேண்டாம். பாதி மீடியாவை வெளியே எடுங்கள்.

5. வெளிவரும் எண்ணும் டேங்க் எண்ணும் ஒன்றாகிவிட்டால் (0.22 உள்ளே, 0.21 வெளியே) மீடியா முடிந்தது. அதே அளவில் புதிது போடுங்கள். இந்த இடத்தில் அளவைக் கூட்டுவது பெரிய தவறு.

6. வெளிவரும் எண் நன்றாகவே குறைந்திருக்கிறது, ஆனால் டேங்க் எண் இரண்டு வாரமாக நகரவில்லை என்றால் மட்டுமே அளவைப் பாதி கூட்டுங்கள். உள்ளே வருவது வெளியே போவதைவிட அதிகம் என்பதுதான் அதன் பொருள்.

முதல் சில வாரம் மீடியா நாலைந்து நாளில் தீர்ந்துபோவதைப் பார்த்து "மட்டமான சரக்கு" என்று பலர் பிராண்டை மாற்றுவார்கள். கணக்கைப் பாருங்கள். 180 லிட்டரில் 0.30 என்றால் நீரில் கரைந்திருப்பது 54 மில்லிகிராம் பாஸ்பேட். 0.08-க்கு இறக்க 40 மில்லிகிராம் எடுத்தால் போதும், அது பெரிய விஷயமே அல்ல. ஆனால் கால்சியம் கார்பனேட்டால் ஆன கல்லும் மணலும் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன. நீரில் குறையக் குறைய அவை விடுவிக்கின்றன. அந்த இருப்பு தீரும்வரை எண் இறங்கும், திரும்ப ஏறும், மறுபடி இறங்கும். பல வருடம் அதிகமாக உணவளித்த டேங்கில் இது மாதக்கணக்கில் நீளும். பொறுமையாக அதே சிறிய அளவை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் வழி.

ஜிஎஃப்ஓவின் இன்னொரு குணம்: ஆல்கலினிட்டியும் கால்சியமும் அதிகமாக உள்ள டேங்கில் அதன் படுகைமேல் கால்சியம் கார்பனேட் படியும். கையில் எடுத்தால் செங்கல் துண்டுபோல் கட்டியாக வரும். ஆல்கலினிட்டியும் சற்று இறங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை குடுவையை லேசாகத் தட்டி அசைத்துவிட்டால் கட்டியாகாது. பாஸ்பேட் குறைந்த டேங்கில் ஆல்கலினிட்டியை 7 முதல் 8.5 டிகேஎச்சுக்குள் வையுங்கள். 10, 11 என்று வைத்துக்கொண்டு பாஸ்பேட்டையும் 0.03-க்கு இறக்கினால் எஸ்பிஎஸ் நுனிகள் கருகியதுபோல் வெளுக்கும். எலும்புக்கூடு வளரும் வேகத்துக்குச் சதை ஈடுகொடுக்க முடியாமல் போவதே காரணம் என்று கருதப்படுகிறது.

தீர்ந்த ஜிஎஃப்ஓவைக் காஸ்டிக் சோடாவில் கழுவி மீட்டெடுக்கும் முறை உண்டு. வீட்டில் அந்த வேலைக்கு மெனக்கெடத் தேவையில்லை. கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து, மிச்சமாவது சொற்பம்.

மற்றவை, சுருக்கமாக

அலுமினியம் ஆக்சைடு: வெள்ளை உருண்டைகள். பாஸ்பேட்டையும் சிலிக்கேட்டையும் வேகமாக எடுக்கும். பையில் போடலாம், ரியாக்டரில் உருளவிடக் கூடாது, உரசினால் அலுமினியம் தூசி வரும். லெதர் பவளங்கள் இதைப் போட்டதும் நாள்கணக்கில் சுருங்கிக் கிடப்பதுண்டு. உலர்ந்த மீடியா முதலில் நனையும்போது சூடாகும் என்பதால் பக்கெட்டில் அலசுங்கள், உள்ளங்கையில் வைத்து வேண்டாம். மூன்று நான்கு நாளில் எடுத்துவிடுங்கள். மென்பவளம் நிறைந்த டேங்கில் இதைப் பரிந்துரைக்கவே மாட்டோம்.

பியூரிஜென் போன்ற பாலிமர் ரெசின்: கரிமப் பொருள்களைப் பிடித்து வெள்ளையிலிருந்து அடர்பழுப்பாக மாறும், மாற்ற வேண்டிய நேரம் கண்ணுக்கே தெரியும். 100 மில்லி 400 லிட்டர் வரை தாங்கும். துகள் மிகச் சிறியது, நெருக்கமான வலைப்பை வேண்டும். மீட்டெடுக்க: வாசனையோ சோப்போ கலக்காத குளோரின் பிளீச்சும் நீரும் சமமாகக் கலந்து, உலோகமல்லாத பாத்திரத்தில், காற்றோட்டமான இடத்தில் 24 மணி நேரம். பிறகு நன்றாக அலசி, அடர்த்தியான டிகுளோரினேட்டர் கரைசலில் 8 மணி நேரம். குளோரின் சோதனைத் தாள் பூஜ்ஜியம் காட்டும்வரை டேங்க் பக்கம் கொண்டுபோக வேண்டாம். பிளீச்சோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். மீனின் வழவழப்பைக் கூட்டுவதாகச் சொல்லும் நீர்ப் பராமரிப்புத் திரவங்கள் சில இந்த ரெசினை மீட்க முடியாதபடி அடைத்துவிடும்.

செம்பு பிடிக்கும் ரெசின்: செம்பு கலந்துவிட்டது என்று சந்தேகம் இருந்தால் மட்டும். பிடிக்கப் பிடிக்க நீலமாகும். கார்பனும் செம்பைக் கொஞ்சம் எடுக்கும், அதை நம்பி முதுகெலும்பற்ற உயிர்களை விட முடியாது.

லாந்தனம் குளோரைடு: இது திரவம். பாஸ்பேட்டோடு சேர்ந்து வெண்துகளாக வீழ்படியும். மலிவு, வேகம், அதனாலேயே அபாயம். துகள் டேங்குக்குள் மிதந்தால் டேங் மீன்களுக்கு மூச்சுத் திணறும், டிரைடாக்னா சிப்பிகளும் பாதிக்கப்படும். செய்தே தீர வேண்டும் என்றால் நீர்த்து, சொட்டுச் சொட்டாக, 5 அல்லது 10 மைக்ரான் சாக்குக்குள் நேரடியாக விழும்படி, சில மணி நேரத்தில். சின்ன டேங்குக்கு இது தேவையே இல்லை.

தப்பு நடக்கும் இடங்கள்

மின்சாரம் சில மணி நேரம் நின்றால் ரியாக்டருக்குள் தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். திரும்ப ஓடும்போது வரும் முதல் ஒன்றிரண்டு லிட்டரை பக்கெட்டில் பிடித்துக் கொட்டுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மீடியாவையே கொட்டிவிடுங்கள். மீனைப் பணயம் வைக்கும் அளவுக்கு அதன் விலை பெரிதல்ல.

ஓட்டம் தானாகக் குறைந்துகொண்டே வந்தால் முதலில் மேல் ஸ்பாஞ்ச், அடுத்து பம்ப்பின் இம்பெல்லரில் சுண்ணாம்புப் படிவு. மீடியாவைக் குறைசொல்வது கடைசியில்.

மணல்மேல் சளிபோல் பழுப்புப் படலம், அதில் குமிழ்கள், ராத்திரி மறைந்து பகலில் திரும்புகிறது என்றால் டைனோஃப்ளாஜெல்லேட்டாக (ஒரு செல் நுண்ணுயிர்) இருக்க வாய்ப்பு அதிகம். பாசி வந்துவிட்டது என்று நினைத்து ஜிஎஃப்ஓவைக் கூட்டுவது எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியத்துக்குப் போன டேங்கில்தான் இது பெரும்பாலும் தலைதூக்கும். ஜிஎஃப்ஓவை அன்றே நிறுத்திவிட்டு, உணவைக் கூட்டி, இரண்டு எண்களையும் அளக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கார்பன் மட்டும் ஓடட்டும், சில டைனோ வகைகள் நத்தைகளைக் கொல்லும் நச்சை விடுகின்றன.

பவளத்தின் சதை அடியிலிருந்து உரிய ஆரம்பித்தால் ஜிஎஃப்ஓவை எடுத்துவிட்டு, வேறெதையும் அன்று மாற்றாதீர்கள். பாஸ்பேட்டைத் திரவமாக ஊற்றி ஒரே நாளில் சரிக்கட்டப் பார்ப்பது இரண்டாவது அதிர்ச்சி. உணவைச் சற்றுக் கூட்டி, ஆல்கலினிட்டியை ஒரே இடத்தில் பிடித்து வைத்தால் ஒரு வாரத்தில் எண் தானாக மேலே வரும். கல்லில் இருக்கும் இருப்பு இங்கே உதவிக்கு வருகிறது.

மீதி மீடியாவைச் சேமிப்பதிலும் கவனம் வேண்டும். கார்பன் காற்றிலிருந்தும் உறிஞ்சும். திறந்த டப்பாவைப் பெயிண்ட், பூச்சிமருந்து, வாசனைத் திரவம் இருக்கும் அலமாரியில் வைத்தால் அதெல்லாம் டேங்குக்குள் வருமுன்பே துளைகள் நிரம்பிவிடும். காற்றுப் புகாத டப்பாவில், வேறு அறையில். ஈரமாகவே பொட்டலம் கட்டி வரும் ஜிஎஃப்ஓவைக் காயவிடக் கூடாது.

பாஸ்பேட் 0.05 அருகில் நான்கு வாரம் நின்றுவிட்டால் ஜிஎஃப்ஓவைப் பாதியாக்குங்கள். இன்னும் நான்கு வாரம் அப்படியே நின்றால் முழுவதும் எடுத்துவிட்டு, ரியாக்டரைக் கழுவி உலர்த்தி வையுங்கள். அதன் பிறகு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். எண் 0.12-ஐத் தாண்டி இரண்டு வாரம் ஏறினால் மறுபடி அதே 27 மில்லியிலிருந்து தொடங்குங்கள்.